நட்சத்திரமே இல்லாத டார்க் மேட்டர் கட்டிகளை காமா கதிர் வச்சு எப்படி தேடுறாங்க?

இரவுப்பறவை:

எல்லாருக்கும் வணக்கம். டார்க் மேட்டர் பத்தி பொதுவா படிச்சிருக்கேன், கேலக்ஸி சுத்துற வேகம், லென்சிங் எல்லாம் ஓரளவுக்குப் புரிஞ்சிருச்சு. மாட்டிக்கிட்டது சப்ஹாலோல தான். நம்ம பால்வீதியைச் சுத்தி ஒரு பெரிய டார்க் மேட்டர் ஹாலோ இருக்கு, அதுக்குள்ள கணக்கில்லாத சின்னச் சின்ன கட்டிகள் சுத்திக்கிட்டு இருக்கு, அதுல முக்கால்வாசில ஒரு நட்சத்திரம் கூட கிடையாது, ஆனா காமா கதிர் வரலாம், அதை விண்வெளில இருக்கிற ஃபெர்மி காமா டெலஸ்கோப் பிடிக்கலாம்னு சொல்றாங்க. சரி, நட்சத்திரமும் இல்ல, வாயுவும் இல்ல, எங்க இருக்குன்னே தெரியாத ஒண்ணுக்கு டெலஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்புவாங்க?

இன்னொண்ணு, ஃபெர்மி கேட்டலாக்ல நாலுல ஒண்ணு, மூணுல ஒண்ணு என்னன்னே தெரியாத சோர்ஸாமே? அப்போ சப்ஹாலோ எல்லாம் ஏற்கனவே அந்த லிஸ்ட்ல உக்காந்திருக்கு, பேர் வைக்கிறது மட்டும்தான் பாக்கின்னு எடுத்துக்கலாமா? டிராகோ, செக்வே 1 (Segue 1) மாதிரி இடம் தெரிஞ்ச குள்ள கேலக்ஸி இருக்கும்போது இருட்டுல கை விட்டுத் துழாவுறது எதுக்குன்னும் யாராவது சொல்லுங்க. கொஞ்சம் கணக்கு போட்டாலும் பரவால்ல, ஆனா ரொம்ப பயமுறுத்திராதீங்க.

காமா_கிறுக்கன்:

நல்ல கேள்வி ப்ரோ, ஆனா மூணு கேள்வியை ஒண்ணா கட்டிப் போட்டுட்டீங்க, ஒவ்வொண்ணா அவிழ்க்கிறேன்.

முதல்ல திசை. ஃபெர்மியோட லாட் கருவியை ஒரு பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு யாரும் காத்துக்கிட்டு இருக்கிறது இல்ல. 2008 ஜூன்ல மேல போச்சு, ஒரே நேரத்துல வானத்துல அஞ்சுல ஒரு பங்கு அதோட பார்வைல இருக்கும், சுமார் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை முழு வானத்தையும் பாத்து முடிச்சிரும். அதனால எங்க தேடுறதுன்னு முன்கூட்டியே தெரிய வேண்டியது இல்ல, டேட்டா எல்லாத் திசைக்கும் இருக்கு, பாத்து முடிச்சப்புறம் உக்காந்து சலிக்கிறது தான் வேலை. இது சப்ஹாலோ தேடலுக்குன்னே அமைஞ்ச மாதிரி ஆகிப்போச்சு.

அடுத்தது ஏன் காமா கதிர். இங்க ஒரு அனுமானம் இருக்கு, அதை மறந்துட்டுப் பேசக்கூடாது: டார்க் மேட்டர்ங்கிறது விம்ப் மாதிரி ஒரு கனமான துகள், ரெண்டு துகள் மோதினா அழிஞ்சு சாதாரண துகள்களா மாறும்ங்கிற அனுமானம். ஆக்சியான்ங்கிற ரொம்ப லேசான துகள் மாதிரி வேற ஏதாவதா இருந்தா இந்தக் கதையே கிடையாது. விம்ப்னு வச்சுக்கிட்டா, ரெண்டும் சேர்ந்து பாட்டம் குவார்க் ஜோடியாவோ டௌ லெப்டான் ஜோடியாவோ மாறும், அது சிதைஞ்சு பையான் வரும், நடுநிலை பையான் ஒவ்வொண்ணும் ரெண்டு காமா ஃபோட்டானா உடையும். இந்தத் துகள்கள் எல்லாம் ஒளி வேகத்தோட ஒப்பிட்டா ஆமை வேகத்துல தான் நகருது, அதனால கிடைக்கிற எனர்ஜி அதோட நிறைல அடங்கினது மட்டும்தான். துகளோட நிறை 40 ஜிஇவின்னா (துகள் நிறையையும் எனர்ஜியையும் அளக்குற அலகு, ஒரு புரோட்டான் சுமார் 1 ஜிஇவி) அதுக்கு மேல ஒரு ஃபோட்டான் கூட வராது, ஸ்பெக்ட்ரம் 1, 2 ஜிஇவி பக்கம் புடைச்சு அப்புறம் சரிஞ்சு 40-க்கு முன்னாடியே செத்துரும். இந்த வடிவத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி இதே தான் தலைவலியும்.

ரெண்டு துகள் சந்திச்சா தான் வேலை நடக்கும்ங்கிறதால வெளிச்சம் அடர்த்தியோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். அடர்த்தி 10 மடங்கு கூடினா காமா 100 மடங்கு. அதனால தான் பரவலா கிடக்கிற ஹாலோவை விட கட்டியா சேர்ந்த இடத்துக்கு மவுசு. நாம பாக்குற திசையில அந்த அடர்த்தி வர்க்கத்தை தூரம் முழுக்கக் கூட்டினா வர்றது ஜே-ஃபாக்டர். பாக்கி எல்லாம் துகள் பக்கத்து சமாச்சாரம், அதாவது நிறையும், மோதி அழியுற வேகமும். அந்த வேகத்துக்கு எல்லாரும் கை வைக்கிற எண் விநாடிக்கு சுமார் 3 × 10-ன் அடுக்கு -26 கன சென்டிமீட்டர், ஏன்னா ஆரம்பகாலப் பிரபஞ்சத்துல அந்த அளவுல அழிஞ்சிருந்தா தான் இன்னைக்கு மிச்சம் இருக்கிற டார்க் மேட்டர் அளவு சரியா வருது.

இப்போ எவ்வளவு மங்கலா இருக்கும்னு பாருங்க. 1 ஜிஇவிக்கு மேல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு விநாடிக்கு 10-ன் அடுக்கு -10 ஃபோட்டான் வருதுன்னு வைங்க, இது லாட் கண்டுபிடிக்கிற எல்லைக்கு ஒட்டின அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு ஃபோட்டான் விழுறதுக்கு 317 வருஷம் ஆகும். லாட்டோட பயனுள்ள பரப்பு சுமார் 8000 சதுர சென்டிமீட்டர், ஒரு இடத்தை அஞ்சுல ஒரு பங்கு நேரம் தான் பாக்குது, நடுவுல ரேடியேஷன் அதிகமா இருக்கிற இடத்தைத் தாண்டும்போது ஆஃப் பண்ணிருவாங்க, எல்லாம் கழிச்சா வருஷத்துக்கு நாலு ஃபோட்டான்! 15 வருஷம் சேர்த்தா 60. அந்த 60-ஐ வச்சு தான் ஸ்பெக்ட்ரம் வரையணும், துகளோட நிறை சொல்லணும், பரவலா இருக்கா புள்ளியான்னு சொல்லணும். இதுல அந்த இடத்துல எப்பவும் இருக்கிற பின்னணி காமாவும் கலந்து வரும்.

குள்ள கேலக்ஸி விஷயம். அதையும் விடல, அதுல தான் இப்போதைக்கு ரொம்ப நம்பகமான லிமிட் வந்திருக்கு. 2015-ல ஃபெர்மி டீம் 6 வருஷ டேட்டால 15 குள்ள கேலக்ஸியைச் சேர்த்துப் பாத்துட்டு ஒண்ணும் தெரியலன்னு சொன்னாங்க, அதோட பலன் சுமார் 100 ஜிஇவிக்குக் கீழ இருக்கிற விம்ப், நான் மேல சொன்ன அந்த வேகத்துல பாட்டம் குவார்க்காவோ டௌவாவோ அழிஞ்சா தெரிஞ்சிருக்கணும், தெரியல. ஆனா குள்ள கேலக்ஸி கைவசம் இருக்கிறது சில டஜன் தான், அதுலயும் கிட்ட இருக்கிறது கொஞ்சம். சப்ஹாலோ எண்ணிக்கையோ ஏராளம், அதுல ஒண்ணு தற்செயலா நமக்குப் பக்கத்துல இருந்தா எல்லா குள்ள கேலக்ஸியையும் விட பளிச்னு இருக்கலாம். ஆசை அது தான்.

பல்சர்தாசன்:

கிறுக்கன் அழகா சொல்லிட்டார், நான் வந்து ஆசைல மண் அள்ளிப் போடுறேன், மன்னிக்கணும்.

"என்னன்னு தெரியல"ங்கிறதுக்கும் "டார்க் மேட்டர்"ங்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு பாருங்க. 8 வருஷ டேட்டாவை வச்சுப் போட்ட நாலாவது கேட்டலாக்ல 5064 சோர்ஸ். 1336-க்கு வேற அலைநீளத்துல ஜோடி கிடைக்கல. ஜோடி கிடைச்சதுல 3130-க்கு மேல பிளேசார் (நடுவுல இருக்கிற கருந்துளை நம்ம பக்கம் பீச்சி அடிக்கிற தூரத்து கேலக்ஸி), 239 பல்சர் (வேகமா சுத்துற நியூட்ரான் நட்சத்திரம்). அப்போ பேர் தெரியாததுலயும் பெரும்பாலும் இதே கும்பலோட மங்கலான உருப்படிகள் தான் இருக்கும்னு எதிர்பார்க்கிறது தானே நியாயம்? பிளேசாரை ஓரளவுக்குக் கழட்டி விட்டுரலாம், அது ஏறி இறங்கும், டார்க் மேட்டர் கட்டி ஏறி இறங்காது. பல்சர் தான் ஆப்பு வைக்கும். மாறாத வெளிச்சம், 1, 2 ஜிஇவில புடைப்பு, சில ஜிஇவிக்கு மேல சடார்னு சரிவு. கிறுக்கன் மேல சொன்ன 40 ஜிஇவி விம்ப் ஸ்பெக்ட்ரத்தையும் ஒரு மில்லிசெகண்ட் பல்சரோட (சில மில்லிசெகண்டுக்கு ஒரு சுத்து சுத்துறது) ஸ்பெக்ட்ரத்தையும் 60 ஃபோட்டானை வச்சுப் பிரிச்சுக் காட்டுங்க பாப்போம், யாரோட பாச்சாவும் பலிக்காது. பால்வீதி தட்டை விட்டு மேல போய்த் தேடினா தப்பிக்கலாமான்னா அதுவும் முடியாது, மில்லிசெகண்ட் பல்சர் பழைய கிழடுகள், தட்டுக்கு மேல கீழ எல்லாம் சிதறிக் கிடக்கும்.

ரேடியோல பாத்து பல்சர் இல்லன்னு உறுதி பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. கெமிங்கா கதையைப் படிங்க. 1970-கள்லயே எஸ்ஏஎஸ்-2 சாட்டிலைட் பாத்த சோர்ஸ், வானத்துலயே ரொம்ப பளிச்னு இருக்கிற காமா சோர்ஸ்கள்ல ஒண்ணு, ஆனா ரேடியோல ஒண்ணுமே இல்ல. 1992-ல எக்ஸ்ரே டேட்டால 0.237 விநாடிக்கு ஒரு துடிப்பு பிடிச்சப்புறம் தான் பல்சர்னு முடிவாச்சு. அவ்வளவு பளிச்னு இருந்ததுக்கே ஏறக்குறைய 20 வருஷம்! இன்னும் கிட்டத்துல பாக்கணும்னா 2020-ல ஜே1653-0158னு ஒரு மில்லிசெகண்ட் பல்சர், 2 மில்லிசெகண்டுக்கும் கீழ ஒரு சுத்து, ஒரு துணை நட்சத்திரத்தோட 75 நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்திக்கிட்டு இருக்கு. ரேடியோல துடிப்பே இல்ல. காமா ஃபோட்டான்லயே துடிப்பைத் தேடி, பொதுமக்கள் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஓட்டுற ஐன்ஸ்டைன்@ஹோம் வச்சு கண்டுபிடிச்சாங்க. இதை எல்லாம் பாத்துட்டு "ரேடியோல ஒண்ணும் இல்ல, அதனால சப்ஹாலோ"ன்னு ஒரு பேப்பர் வந்தா நான் அப்ஸ்ட்ராக்ட்டோட நிறுத்திக்குவேன்.

வாயில்லாப்பூச்சி:

ஆக மொத்தம் இத்தனை வருஷமா ஒண்ணும் கிடைக்கல, அதுக்கு இவ்வளவு பேச்சு 😄

காமா_கிறுக்கன்:

பூச்சி, கிடைக்காததும் ரிசல்ட் தான், அதுக்கு வர்றேன் இருங்க.

தாசன் சொன்ன பல்சர் விஷயத்துல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ரெண்டு இடத்துல சப்ஹாலோ பல்சர்ல இருந்து பிரிஞ்சு நிக்கும். ஒண்ணு, அகலம். பல்சர் ஒரு புள்ளி, எந்தக் கருவில பாத்தாலும் புள்ளி. பக்கத்துல இருக்கிற சப்ஹாலோ வானத்துல கொஞ்சம் பரந்து தெரியணும். சிக்கல் என்னன்னா லாட்டோட கண்ணே மங்கல், 1 ஜிஇவில ஒரு புள்ளியை 0.8 டிகிரி அளவுக்குப் பூசி விட்டுரும், நிலாவோட அகலமே அரை டிகிரி தான்னு நினைச்சுப் பாருங்க. 10 ஜிஇவிக்கு மேல 0.1 டிகிரி வரைக்கும் கூர்மையாகும், ஆனா அங்க ஃபோட்டான் பஞ்சம். 2016-ல 3எஃப்ஜிஎல் ஜே2212.5+0703ன்னு ஒரு சோர்ஸ் பரவலா இருக்கு, இது சப்ஹாலோவான்னு கேட்டு ஒரு பேப்பர் வந்துச்சு, பெர்டோனி, ஹூப்பர், லிண்டன் எழுதினது. பரவல் புள்ளிவிவரத்துல நல்லாவே தெரிஞ்சுது. ஆனா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மங்கலான புள்ளி இருந்தாலும் லாட்டுக்கு ஒரு பரவல் மாதிரி தான் தெரியும், அதனால அது கண்டுபிடிப்புங்கிற இடத்துக்குப் போகவே இல்ல.

ரெண்டாவது எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. டார்க் மேட்டர் துகளுக்கு ஒரு நிறை தான். அப்போ வானத்துல எந்த மூலைல சப்ஹாலோ இருந்தாலும் ஸ்பெக்ட்ரம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும், பிரகாசம் மட்டும் தான் மாறலாம். பல்சருக்கு அப்படி இல்ல, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எனர்ஜில சரியும். அதனால ஒத்தை சோர்ஸைக் காட்டி யார் என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், வேற வேற திசைல மூணு நாலு, தட்டை விட்டுத் தள்ளி, ஏறி இறங்காம, எல்லாத்துக்கும் ஒரே புடைப்பு ஒரே சரிவு, குள்ள கேலக்ஸில இருந்து வர்ற லிமிட்டோடயும் முட்டாம இருக்குன்னு காட்டினா அன்னைக்கு உக்காந்து படிப்பேன்.

இப்போ பூச்சி கேட்டது. 2019-ல ஒரு ஸ்பானிஷ் குழு, கொரோனாடோ-பிளாஸ்கெஸ் கூட்டாளிகள், அப்போ இருந்த மூணு கேட்டலாக்ல பேர் தெரியாத 1235 சோர்ஸையும் எடுத்து சலிச்சாங்க. தட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது வெளில, ஏறி இறங்குறது வெளில, வேற அலைநீளத்துல ஜோடி இருக்கிறது வெளில. 44 மிஞ்சிச்சு. அதோட ஸ்பெக்ட்ரம், பரவல் எல்லாம் நோண்டினப்புறம் விரல் விட்டு எண்ணுற அளவுக்குச் சுருங்கிருச்சு, அதுல எதையும் டார்க் மேட்டர்னு அறிவிக்கல.

இந்த மிச்சத்துல இருந்து எப்படி லிமிட் வருதுங்கிறது தான் ருசியான இடம். சப்ஹாலோல நட்சத்திரம் இல்ல, அதனால உள்ள எவ்வளவு நிறை இருக்குன்னு அளக்க வழியே இல்ல, ஜே-ஃபாக்டர் தெரியாது. குள்ள கேலக்ஸிலன்னா நட்சத்திரங்களோட வேகத்தை அளந்து டிராகோவுக்கு ஜே ஏறக்குறைய 10-ன் அடுக்கு 19 பக்கம்னு சொல்லிரலாம், இங்க அது நடக்காது. அதனால தலைகீழா போறாங்க: சிமுலேஷன்ல பால்வீதி மாதிரி ஒரு ஹாலோவை எடுத்து, சூரியன் இருக்க வேண்டிய தூரத்துல ஆளை மாத்தி மாத்தி உக்கார வச்சு, ஒவ்வொரு இடத்துல இருந்தும் பிரகாசமான சப்ஹாலோவுக்கு ஜே எவ்வளவு வருதுன்னு ஒரு பட்டியல் போடுறாங்க. துகள் இந்த நிறை, இந்த வேகத்துல அழியுதுன்னா இத்தனை சப்ஹாலோ ஃபெர்மிக்குத் தெரிஞ்சிருக்கணும். கைல இருக்கிற கேண்டிடேட் அதை விடக் குறைவுன்னா அந்த வேகம் அவ்வளவு இருக்க முடியாது. கேண்டிடேட்ல ஒவ்வொண்ணா பல்சர்னு அடையாளம் தெரிஞ்சு லிஸ்ட்டை விட்டுப் போகப் போக லிமிட் இறுகும். தாசனோட ஆளுங்க ஒவ்வொரு பல்சர் கண்டுபிடிக்கும்போதும் எங்களுக்கும் வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

இரவுப்பறவை:

சூப்பர், இப்போ நல்லா புரியுது. ஒரு சந்தேகம். சின்ன சப்ஹாலோ தான் எண்ணிக்கைல அதிகம்ங்கிறாங்க, பூமி அளவு நிறை வரைக்கும் கூட இருக்கலாமாம். எண்ணிக்கை அதிகம்னா நமக்கு ரொம்பப் பக்கத்துலயே ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல? அது தானே ரொம்ப பளிச்னு தெரியணும்? அப்புறம் ஏன் எல்லாரும் 10-ன் அடுக்கு 7 சூரிய நிறைன்னு பெரிசையே பேசுறாங்க?

காமா_கிறுக்கன்:

இதை ஒரு துண்டு பேப்பர்ல போட்டுரலாம். சிமுலேஷன்ல வர்ற விதிப்படி நிறை 10 மடங்கு குறைஞ்சா எண்ணிக்கை சுமார் 8 மடங்கு கூடுது. 8 மடங்கு கூடினா சராசரி இடைவெளி 2 மடங்கு குறையும், ஏன்னா கன அளவு. தூரம் 2 மடங்கு கிட்ட வந்தா பிரகாசம் 4 மடங்கு. ஆனா கட்டியோட நிறை 10 மடங்கு குறைஞ்சிருச்சே, அதனால மொத்த வெளிச்சமும் 10 மடங்கு குறையும். சின்னக் கட்டிகள் முன்னாடியே உருவானதால நடுவுல இன்னும் இறுக்கமா இருக்கும், அதுல சுமார் ஒன்றரை மடங்கு திரும்பக் கிடைக்கும். 4-ஐ 1.5-ஆல பெருக்கி 10-ஆல வகுத்தா 0.6. அதாவது 10 மடங்கு சின்னதுக்குப் போகும் ஒவ்வொரு படிக்கும் அந்த ரகத்துல நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறதோட பிரகாசம் 0.6-ஆ குறையுது. 10-ன் அடுக்கு 7 சூரிய நிறைல இருந்து பூமி நிறைக்கு வர 13 படி, 0.6-ஐ 13 தடவை பெருக்கிப் பாருங்க, ஆயிரத்துல ஒண்ணு மாதிரி வரும். பக்கத்துல இருக்கிறதால சின்னதுக்குக் கிடைக்கிற லாபத்தை விட சின்னதா இருக்கிறதால வர்ற நஷ்டம் ஜாஸ்தி, அவ்வளவு தான். இது தோராயக் கணக்கு, படிக்குப் படி கொஞ்சம் மாறும், ஆனா போக்கு இது தான்.

மேல பக்கம் போனா 10-ன் அடுக்கு 8 தாண்டினதுல நட்சத்திரம் பிறந்திருக்கும், அது குள்ள கேலக்ஸி ஆயிரும். அதுக்குக் கீழ இருக்கிறதுல பிரபஞ்சத்தோட முதல் நூறு கோடி வருஷத்துக்குள்ள புற ஊதாக் கதிர் வாயுவை சூடாக்கி விரட்டிருச்சு, நட்சத்திரம் பிறக்க ஆளே இல்ல. அதனால இருட்டா இருக்கிறதுலயே பெரிசு எதுவோ அது தான் நம்ம இலக்கு.

பூமி நிறை சமாச்சாரம் 2005-ல டீமண்ட், மூர், ஸ்டாடல் நேச்சர்ல போட்ட சிமுலேஷன். சூரியக் குடும்பம் அளவுக்கு ஒரு கட்டி, பால்வீதி ஹாலோல 10-ன் அடுக்கு 15 வரைக்கும் இருக்கலாம்னு சொன்னாங்க. அதுல எவ்வளவு இன்னைக்கு வரைக்கும் தப்பிச்சிருக்கும்ங்கிறதுல சண்டை இருக்கு, நட்சத்திரங்களுக்கு நடுவுல புகுந்து வரும்போது அடிபடும்ல. அதை நம்ம சிமுலேஷன்காரி வந்தா நல்லா சொல்லுவாங்க.

சிமுலேஷன்காரி:

கூப்பிட்டீங்க, வந்துட்டேன் 🙂

கிறுக்கன் அண்ணா போட்ட கணக்கு சரி, ஆனா அதுல ஒரு பெரிய "இருந்தா" ஒளிஞ்சிருக்கு. 2008-ல வந்த வயா லாக்டியா 2, அக்வாரியஸ் ரெண்டும் டார்க் மேட்டரை மட்டும் போட்டு ஓட்டின சிமுலேஷன். நட்சத்திரத் தட்டு கிடையாது. நிஜ பால்வீதில தட்டு இருக்கு, சப்ஹாலோ அதை வெட்டிக்கிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கம் உரிஞ்சு போகும், உள்ளயும் சூடாகும். தட்டையும் சேர்த்து ஓட்டினா நடுவுல இருந்து 20 கிலோபார்செக்குக்குள்ள (ஒரு கிலோபார்செக் சுமார் 3260 ஒளி ஆண்டு) சப்ஹாலோ எண்ணிக்கை சரிஞ்சிருது, சூரியன் இருக்கிறதோ வெறும் 8 கிலோபார்செக்ல. அதாவது நமக்குக் கிட்ட இருக்கணும்னு நாம ஆசைப்படுற கட்டிகள் தான் முதல்ல காலி. லிமிட் எல்லாம் இதனால தளரும், எந்த சிமுலேஷனை நம்புறீங்கங்கிறதைப் பொறுத்து பல மடங்கு கூட மாறலாம். லிமிட் கோடு ஒண்ணு போட்டு அதுக்கு மேல எல்லாத்தையும் கலர் அடிச்சு "விலக்கப்பட்டது"ன்னு எழுதுற பேப்பரைப் பாத்தா எனக்குக் கோபம் வர்றது இதனால தான்.

ஆனா கதை அங்க முடியல, 2018-ல வான் டென் போஷும் ஒகியாவும் எழுதினதைப் படிக்கணும். சிமுலேஷன்ல ஒரு சப்ஹாலோ "அழிஞ்சுது"ன்னு வந்தா அதுல பெரும்பாலானது நிஜத்துல அழியல, நம்ம கம்ப்யூட்டர்ல துகள் எண்ணிக்கை பத்தாததால செயற்கையா கலைஞ்சு போகுதுன்னு காட்டினாங்க. நடுவுல அடர்த்தி கூர்மையா ஏறுற கட்டியோட வெளிப்பக்கம் 99 சதவீதம் உரிஞ்சாலும் நடு முடிச்சு தப்பிக்கும். காமா வெளிச்சத்துல பெரும்பங்கு வர்றதே அந்த நடு முடிச்சுல இருந்து தான், அடர்த்தி வர்க்கம் ஞாபகம் இருக்குல்ல. அதனால நிறையை இழந்தாலும் வெளிச்சத்தை அவ்வளவா இழக்காம ஒரு கட்டி சுத்திக்கிட்டு இருக்கலாம். எது சரின்னு இன்னும் தீர்ந்தபாடில்ல, என் கட்சி தப்பிக்கும்ங்கிற கட்சி, ஆனா முழுசா இல்ல.

எனக்குப் பிடிச்ச இன்னொரு வழியும் சொல்லிடறேன். ஜிடி-1ன்னு ஒரு நட்சத்திர ஓடை, பழைய நட்சத்திரக் கொத்து ஒண்ணு கிழிஞ்சு வானத்துல மெல்லிசா கோடு போட்ட மாதிரி நீண்டு கிடக்கு, 2006-ல கண்டுபிடிச்சாங்க. நட்சத்திரங்களோட இடத்தையும் நகர்வையும் அளக்குற கயா சாட்டிலைட் டேட்டா வந்தப்புறம் அதுல ஒரு இடைவெளியும் பக்கத்துலயே தனியா பிரிஞ்சு நிக்கிற ஒரு கிளையும் தெரிஞ்சுது. 2019-ல பொனாக்கா குழு போட்ட கணக்குப்படி 10-ன் அடுக்கு 6-ல இருந்து 8 சூரிய நிறைக்குள்ள, கச்சிதமான ஏதோ ஒண்ணு ஓடையை உரசிட்டுப் போனா இதே வடிவம் வருது. தெரிஞ்ச நட்சத்திரக் கொத்து, குள்ள கேலக்ஸி எதுவும் அந்த நேரத்துல அந்த இடத்துக்குப் பொருந்தி வரல. இது சப்ஹாலோ தான்னு சொல்லல, ஆனா காமாவை நம்பாம ஈர்ப்பை மட்டும் வச்சு "இங்க பாரு"ன்னு சொல்ற வழி இது. வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்குற வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூன்ல முதல் படங்களை வெளியிட்டாச்சு, மங்கலான ஓடைகள் இன்னும் நிறைய வரும். உரசிட்டுப் போனது இப்போ எந்தத் திசைல இருக்கும்னு சுருக்க முடிஞ்சா ஃபெர்மியோட பழைய டேட்டாவை அந்தத் திசைல எடுத்துப் பாத்துரலாம், புதுசா எதையும் பறக்க விட வேண்டியதில்ல.

பல்சர்தாசன்:

சிமுலேஷன்காரி சொன்ன கடைசிப் பாரா எனக்கும் ஓகே. ஈர்ப்புல இடம் தெரிஞ்சு, அங்கயே காமாவும் வந்தா நானே கட்சி மாறிடறேன்.

இன்னொரு பக்கம், துகள் நிறை டிஇவி (ஆயிரம் ஜிஇவி) கணக்குல இருந்தா ஃபெர்மி வேலைக்காகாது, அங்க தரைல இருக்கிறது தான். காமா கதிர் காத்துல மோதும்போது வர்ற ஒளி மினுக்கைப் பிடிக்கிற செரன்கோவ் டெலஸ்கோப் எல்லாம் ஒரு நேரத்துல சில டிகிரி தான் பாக்கும், கண்ணைக் கட்டிக்கிட்டு முழு வானம் தேட முடியாது. மெக்சிகோல இருக்கிற ஹாக், சீனால லாசோ மாதிரி தண்ணித் தொட்டி வச்சு வானத்துல பெரும்பகுதியைப் பாக்குறது தான் சப்ஹாலோவுக்கு ஒத்து வரும், ஹாக் 2019 வாக்குல ஒரு தேடல் பண்ணி லிமிட்டும் போட்டாங்க. அந்த எனர்ஜில பல்சர் வேஷம் போட்டு ஏமாத்துறதும் குறைவு, அதோட ஸ்பெக்ட்ரம் அதுக்கு முன்னாடியே செத்துருது. இதுல மட்டும் நான் உங்க பக்கம்.

இரவுப்பறவை:

எல்லாருக்கும் நன்றி, ஒரே ராத்திரில இவ்வளவு கிடைக்கும்னு நினைக்கல. கேட்டலாக் ஃப்ரீயா கிடைக்குதுன்னாங்க, கொஞ்சம் பைத்தான் தெரியும், அந்த சலிக்கிற வேலையை நானே சும்மா ஒரு தடவை செஞ்சு பாக்கலாமா? எந்த காலத்தை (column) பாக்கணும்?

காமா_கிறுக்கன்:

தாராளமா பண்ணலாம். ஃபெர்மி டேட்டா எல்லாமே பொது, நாசா சைட்ல நாலாவது கேட்டலாக்கோட டேட்டா ரிலீஸ் ஃபைலை இறக்கிக்கங்க, பைத்தான்ல அஸ்ட்ரோபை வச்சுத் திறந்துரலாம். சோர்ஸ் என்ன ரகம்னு சொல்ற கிளாஸ் காலம் காலியா இருக்கிறதை எடுங்க, கேலக்டிக் அட்சரேகை மேலயும் கீழயும் 10 டிகிரிக்குள்ள இருக்கிறதைத் தூக்குங்க. அப்புறம் வேரியபிலிட்டி இண்டெக்ஸ், எவ்வளவு ஏறி இறங்குதுங்கிற அளவு. இதுல ஒரு குழி இருக்கு, வெட்டுற எண் ரிலீஸுக்கு ரிலீஸ் மாறும். 8 வருஷ வெர்ஷன்ல 18.48-க்கு மேல போனா 99 சதவீத உறுதியோட ஏறி இறங்குதுன்னு அர்த்தம், 12 வருஷ டிஆர்3-ல (மூணாவது டேட்டா ரிலீஸ்) அதே உறுதிக்கு 24.725, ஏன்னா வருஷத்துக்கு ஒரு கட்டம்னு கட்டங்கள் கூடிருச்சு. இணையத்துல கிடைக்கிற பழைய ஸ்கிரிப்ட்ல 18.48-ன்னு எழுதி இருக்கும், அதை அப்படியே புது ஃபைல்ல ஓட்டினா நல்ல சோர்ஸையும் சேர்த்து வெட்டிரும். மிஞ்சினதுல ஸ்பெக்ட்ரம் வளைஞ்சிருக்கான்னு பாக்க சிக்-கர்வ்னு (SigCurv) முடியுற காலங்கள் இருக்கு, நேர்கோடா போறதை விட்டுருங்க, டார்க் மேட்டர் ஸ்பெக்ட்ரம் வளையாம இருக்காது.

பல்சர்தாசன்:

அதோட ஃப்ளாக்ஸ் (Flags) காலத்தை விட்டுறாதீங்க தம்பி. பூஜ்யம் இல்லன்னா அந்த சோர்ஸ் பின்னணி மாடலை லேசா மாத்தினாலே காணாம போகலாம், நகரலாம்னு கேட்டலாக் போட்டவங்களே எச்சரிக்கை பண்றாங்கன்னு அர்த்தம். மிஞ்சின லிஸ்ட்டை மூணாவது ஃபெர்மி பல்சர் கேட்டலாக்கோட ஒத்துப் பாருங்க, 294 பல்சர் இருக்கு, அதுல பாதி கிட்ட மில்லிசெகண்ட். அது போக ரேடியோல கண்டுபிடிச்சு காமா துடிப்புக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மில்லிசெகண்ட் பல்சர் இன்னொரு 33 அதே பேப்பர்ல ஒரு டேபிள்ல இருக்கு, எல்லாரும் விடுறது அந்த டேபிளைத் தான். சோர்ஸோட இடம் 95 சதவீத உறுதியோட அடங்குற நீள்வட்டத்துக்குள்ள பல்சர் விழுதான்னு பாத்து தூக்குங்க, மிஞ்சுறதை இங்க போடுங்க, நானும் பாக்குறேன்.